புற்றரையும் உழைப்பும்

புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தெரிவுசெய்வது வரலாற்றுக் கட்டுரைக்குரிய விடயமாகுமா என வாசகர் வினவுதல் கூடும். பல ஏக்கர் விரிந்த நிலமொன்றை உடையவர், அதன் புல்லை வெட்டுவதற்கு ஏறியமர்ந்து செலுத்தும் இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறார். அலகின் அகலம் எவ்வளவு, இயந்திரத்தின் வலு எவ்வளவு, குறுகிய இடத்தில் திரும்புமா, சரிவில் ஏறுமா, விலை என்ன என்றெல்லாம் விற்பனையாளரிடம் விசாரிக்கிறார். இக்கேள்விகள் அனைத்தும் நியாயமானவையே. ஆயினும் இவற்றுக்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டிய வேறு மூன்று கேள்விகள் உள. அவ்வளவு நிலம் ஒருவர் கைக்கு எவ்வாறு வந்தது? அதில் பயிரும் மரமும் இன்றி வெறும் புல் ஏன் வளர்க்கப்படுகிறது? அப்புல்லை முன்னர் வெட்டியவர் யார், இயந்திரம் வந்தபின் அவர் எங்கே போனார்? இவற்றுக்கு விற்பனையாளரிடம் விடையில்லை. வரலாற்றிடம் உண்டு.

புல் இயற்கையின் படைப்பு. புற்றரையோ சமுதாயத்தின் படைப்பு. மாடு மேயும் வெளியும், வைக்கோலுக்காக வளர்க்கப்படும் புல்வெளியும் உலகெங்கும் பழமையானவை. எவரும் உண்ணாத, எந்த விலங்குக்கும் இடாத புல்லை, வளர்த்து வளர்த்து வெட்டி எறிவதற்கென்றே ஒரு பெருநிலத்தை ஒதுக்குவது மிகப் பிந்திய வழக்கம். அவ்வழக்கம் நிலைபெற்ற நாடு இங்கிலாந்து. நிலைபெற்ற காலம் பதினெட்டாம் நூற்றாண்டு. அந்நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிலவுடைமையில் என்ன நிகழ்ந்தது என்பதை நோக்காமல் புற்றரையின் பிறப்பை விளங்கிக்கொள்ள இயலாது.

ஆங்கிலக் கிராமங்களில் பொதுநிலங்கள் இருந்தன. ஏழைக் குடியானவன் அங்கே தன் ஒற்றைப் பசுவை மேய்த்தான், வாத்துகளை விட்டான், விறகு பொறுக்கினான். எழுதப்பட்ட உறுதி எதுவும் அவனிடம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அவனுடைய உரிமை. அவ்வுரிமையைப் பாராளுமன்றச் சட்டங்கள் பறித்தன. 1604ஆம் ஆண்டிலிருந்து 1914ஆம் ஆண்டு வரை நிறைவேறிய வேலியடைப்புச் சட்டங்கள் 5,200க்கும் மேற்பட்டவை. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். அவற்றுட் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இயற்றப்பட்டவை. சட்டம் இயற்றிய பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தோர் நிலவுடைமையாளர்களே என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்திலேதான் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்து பரந்த புற்றரைகள் எழுந்தன. லான்சலொட் பிரவுண் (1716–1783) என்னும் நிலவடிவமைப்பாளர் இக்கலையிற் பெயர் பெற்றவர். மதில்களையும் மலர்ப்பாத்திகளையும் அகற்றி, மாளிகையின் வாசற்படி வரை புல்லே பரவுமாறு அவர் அமைத்தார். மேய்ச்சற் கால்நடைகள் மாளிகையை நெருங்காதபடி, கண்ணுக்குத் தெரியாத பள்ளமொன்று இடையே வெட்டப்பட்டது. சாளரத்தில் நின்று நோக்கும் பிரபுவுக்கு, அடிவானம் வரை தன் நிலம் தடையின்றிச் செல்வதாகவே தோன்றும்.

அக்காட்சிக்குத் தடையாய் இருந்தவை கிராமங்களாயின், அவையும் அகற்றப்பட்டன. ஒக்ஸ்போர்ட்சயரில் நியூனம் கோட்னி என்னும் பழைய கிராமத்தை ஹார்கோட் பிரபு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடம்பெயர்த்தார். ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்னும் கவிதைக்கு அதுவே தூண்டுதலாயிற்று என அறிஞர் பலர் கருதுவர். டோர்செட்டில் மில்டன் பிரபு ஒரு முழுச் சந்தை நகரையே படிப்படியாக இடித்து, குடிகளைக் கண்ணுக்கெட்டாத பள்ளத்தாக்கொன்றில் குடியமர்த்தினார். மில்டன் அபாஸ் என்னும் அப்புதிய கிராமம் இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து படம்பிடிக்கும் அழகிய இடமாக விளங்குகிறது. அழகின் அடியில் புதைந்திருப்பது எது என்பதைப் படங்கள் கூறுவதில்லை.

ஆக, புற்றரை ஓர் அறிவிப்பு. ‘உணவு விளைவிக்க வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு எனக்கு நிலம் உண்டு, பயனற்ற ஒன்றைப் பேணுவதற்கு எனக்கு ஆட்களும் உண்டு’ என்று அது ஊருக்குச் சொல்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லென் 1899இல் எழுதிய ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்னும் நூலில் புற்றரையையும் ஆராய்ந்தார். மேய்ச்சல்நிலத்தின் அழகு வேண்டப்படுகிறது, மாடோ வேண்டப்படுவதில்லை. ஏனெனில் மாடு பயன்தருவது, சிக்கனத்தை நினைவூட்டுவது என்பது அவர் கண்ட உண்மை.

மாட்டை விலக்கியபின் புல்லைக் குறைக்கும் பணி மனிதன்மேல் விழுந்தது. நீண்ட பிடியும் வளைந்த அலகும் உடைய பெரிய அரிவாளே அவனது கருவி. பனி படிந்த புல்லே அவ்வரிவாளுக்கு நன்கு வெட்டுப்படும். ஆதலால் விடியுமுன்பே அவன் வேலையைத் தொடங்க வேண்டும். வைக்கோற் புல்லாயின் தேர்ந்த ஒருவன் நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் வெட்டுவான் என்பது பொதுவான கணக்கு. மாளிகைப் புற்றரையிலோ அலகின் சுவடு தெரியாமல், தரையோடு தரையாக, ஒரே மட்டத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய புல்லை வாரிக் கூட்டுவது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய வேலை. துரைமார் துயிலெழுமுன் எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் கண்டது புற்றரையை, உழைப்பையன்று.

இனி இயந்திரத்துக்கு வருவோம். குளொஸ்டர்சயரில் ஸ்ரௌட் நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகள் கம்பளித் துணிக்குப் புகழ்பெற்றவை. நெய்த கம்பளியின் மேலெழும் மயிரைச் சீராகக் கத்தரித்து மென்மையாக்குவது அத்தொழிலில் ஒரு கட்டம். கனத்த பெருங் கத்தரிகளைக் கையாண்டு அதனைச் செய்தோர் உயர்ந்த திறன் படைத்த கைவினைஞர்கள். துணி கத்தரிக்கும் பொறிகள் வந்து அவர்களது வாழ்வைக் குலைத்தன. 1802இல் வில்ட்சயரிலும், 1812இல் யோக்சயரிலும் அவர்கள் கிளர்ந்தெழுந்து பொறிகளையும் ஆலைகளையும் தாக்கினர். லுடைற்றுகள் என வரலாறு குறிப்பிடும் யோக்சயர்க் கலகக்காரருட் பலர் இக்கத்தரிப்பாளரே. அரசு தூக்குமரத்தால் விடையளித்தது. பொறி நிலைத்தது. சுழலும் உருளையொன்றில் திருகாகப் பதித்த அலகுகள், அசையாத அலகொன்றை உரசிச் செல்லும்போது துணியின் மயிர் கத்தரிக்கப்படும். இதுவே அப்பொறி இறுதியாக அடைந்த வடிவம்.

ஸ்ரௌட் அருகே திரப் என்னும் ஊரில் வாழ்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் பொறிவினைஞர் இத்தகைய பொறியை நன்கறிந்தவர். துணியின் மயிரைக் கத்தரிக்கும் உருளை நிலத்தின் புல்லை ஏன் கத்தரிக்கலாகாது என அவர் சிந்தித்தார். ஜோன் பெராபி என்னும் வார்ப்பாலை உரிமையாளர் பொருளுதவி செய்தார். 1830 ஓகஸ்ட் 31ஆம் திகதி உலகின் முதலாவது புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது.

அந்த மாதத்தை வாசகர் கவனிக்க வேண்டும். அதே 1830 ஓகஸ்டின் இறுதி நாட்களிலேதான் கென்ற் மாவட்டத்தில் பண்ணைத் தொழிலாளர் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். பொதுநிலத்தை இழந்து கூலியையே நம்பியிருந்த அவர்களுக்கு, மாரிகாலத்தில் எஞ்சியிருந்த வேலை கதிரடிப்பு ஒன்றே. அதனையும் பொறி பறித்தது. ‘கப்டன் சுவிங்’ என்னும் கற்பனைத் தலைவனின் பெயரால் எழுந்த அக்கிளர்ச்சி தென்னிங்கிலாந்து முழுவதும் பரவிற்று. முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் அவுஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குக் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், இரு இயந்திரங்களின் கதை இவ்வாறு சந்திக்கிறது. ஒன்று உணவுத் தானியத்தை அடிப்பது. மற்றையது உண்ணப்படாத புல்லை வெட்டுவது. முன்னதை எதிர்த்தவர் தூக்குமேடை ஏறினர். பின்னதை உரிமப் பத்திரம் எவ்வாறு அறிமுகஞ் செய்தது? நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இதனைத் தள்ளிப் பார்க்கலாம்; அது அவர்களுக்கு வேடிக்கையும் பயனும் உடல்நலமும் தரும் பயிற்சியாக அமையும் என்ற கருத்து அதிலே இடம்பெற்றது. உழைப்பவனுக்கு வேலையாக இருந்தது உடைமையாளனுக்கு விளையாட்டாயிற்று.

உண்மையில் அதனைத் தள்ளியவர் கனவான்கள் அல்லர். அது வார்ப்பிரும்பாலான பாரமான பொறி. பின்னின்று ஒருவர் தள்ள, முன்னின்று இன்னொருவர் இழுக்கத்தக்க பிடியும் அதற்கு உண்டு. இலண்டன் ரீஜன்ற் பூங்காவின் விலங்கியற் தோட்டம் அதனை முதலில் வாங்கிய இடங்களுள் ஒன்று. அரிவாளும் துடைப்பமும் கொண்டு ஆறு அல்லது எட்டுப் பேர் செய்யும் வேலையை அது செய்கிறது என அங்குள்ள மேற்பார்வையாளர் சான்று பகர்ந்தார். அக்கணக்கு இயந்திரத்தின் புகழுக்காகவே கூறப்பட்டது. எஞ்சிய நான்கு அல்லது ஆறு பேர் என்ன ஆயினர் என்பது எவரும் கேட்காத கணக்கு.

அடுத்து வந்த மாற்றங்கள் விரைவானவை. 1842இல் ஸ்கொத்லாந்தின் ஆப்ரோத் நகரைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஷாங்ஸ், மட்டக்குதிரை இழுக்கும் பெரிய இயந்திரத்தை உருவாக்கினார். குதிரையின் குளம்பு புல்லிற் பதியாதிருக்க அதன் கால்களுக்குத் தோற் சப்பாத்துகள் அணிவிக்கப்பட்டன. விடியற் பனியில் நனைந்து நின்ற கூலியாளின் காலைப் பற்றி அத்தகைய அக்கறை எழுந்ததில்லை. 1893இல் லங்காசயரில் ஜேம்ஸ் சம்னர் நீராவியால் இயங்கும் புல்வெட்டிக்கு உரிமம் பெற்றார். 1902இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் பெற்றோலால் இயங்குவதை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இயந்திரத்தால் நன்மையே விளையவில்லை எனக் கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். 1847இல் திறக்கப்பட்ட பேர்க்கன்ஹெட் பூங்கா, மக்களின் பொதுப்பணத்தால் மக்களுக்காக அமைக்கப்பட்டது. ஆலைப் புகையில் வெந்த தொழிலாளியின் குழந்தை ஓடி விளையாடப் புற்றரை கிடைத்தது. மலிவாகப் புல்வெட்டும் பொறி இல்லாதிருப்பின், நகரசபைப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் இத்துணை பெருகியிரா. அதே இயந்திரம் பிரபுவின் கையில் ஆடம்பரமாகவும் பொதுமக்கள் கையில் நலமாகவும் விளங்கிற்று. எனவே குற்றம் இயந்திரத்தில் இல்லை. அது எவருடைய நிலத்தில், எதற்காக ஓடுகிறது என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

புற்றரை ஐக்கிய அமெரிக்காவிலேதான் சாதாரண குடும்பத்தின் கடமையாக மாறிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1947 முதல் நியூயோர்க் நகருக்கு அப்பால் லோங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிற்றவுண் என்னும் குடியிருப்பு எழுந்தது. ஒன்றுபோலவே அமைந்த 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் புற்றரை. பருவகாலத்தில் வாரந்தோறும் புல் வெட்டப்பட வேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளையர் அல்லாதோர் அங்கே குடியிருத்தலாகாது என்பது இன்னொரு நிபந்தனை. புல்லின் உயரத்தையும் மனிதனின் நிறத்தையும் ஒரே ஒப்பந்தம் அளந்தது. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடி வென்றெடுத்த சனிக்கிழமை ஓய்வு, புல்வெட்டியின் பின்னே நடப்பதிற் கழிந்தது.

இருந்து செலுத்தும் புல்வெட்டி வீட்டுச் சந்தைக்குப் பெருமளவில் வந்தது இச்சூழலிலேயே. இந்தியானா மாநிலத்தில் 1946இல் தொடங்கிய வீல்ஹோர்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் வழிகாட்டின. உழவு இயந்திரங்களால் பெயர்பெற்ற ஜோன் டியர் நிறுவனம் 1963இல் தனது 110 என்னும் தோட்ட உழவு இயந்திரத்துடன் அச்சந்தையிற் புகுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், கன்சாஸ் மாநிலத்தில் ஜோன் ரெஜியர் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் புல்வெட்டியை அமைத்தார். வயலில் உழவனைச் சுமந்த இயந்திரத்தின் சிற்றுருவம், எதையும் விளைவிக்காத நிலத்தில் உலாவத் தொடங்கியது.

இன்று தெரிவுக்கு நிற்கும் வகைகள் பெரும்பாலும் இவையே. சிறிய நிலத்துக்குப் பின்புறம் இயந்திரம் பொருத்திய குறுகிய வகை. நடுத்தர நிலத்துக்கு முன்புறம் இயந்திரமும் நடுவே வெட்டும் தட்டும் உடைய உழவு இயந்திர வகை. மரங்களும் பாத்திகளும் நிறைந்த பெருநிலத்துக்கு நின்ற இடத்திற் சுழலும் வகை. அலகின் அகலத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வேலையின் அளவு தெரியும். 42 அங்குல அலகுடன் மணிக்கு 4 மைல் செல்லும் இயந்திரம், கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 1.7 ஏக்கர் வெட்டும். திரும்புவதற்கும் ஒரு வரிசையின்மேல் இன்னொன்று படிவதற்கும் கழித்தால் ஓர் ஏக்கருக்குச் சற்றே கூடுதலாக எஞ்சும். அரிவாள்காரனின் ஒரு நாள் உழைப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிட்டது. மிச்சமான அந்நேரம் எவரைச் சேர்ந்தது என்பதே கேள்வி.

இருக்கையில் அமர்வது எப்போதும் உடைமையாளர் அல்லர். அமெரிக்காவில் பெருநிலங்களின் புல்லை வெட்டுவோருட் பெருந்தொகையினர் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர். பருவகால வேலைக்கென வழங்கப்படும் எச்-2பி விசாவில் மிகப்பெரிய தொழிற்பிரிவு தோட்டப் பராமரிப்பே. அவர்கள் ஒரு நாளில் ஒரு புற்றரையை அன்று, பல புற்றரைகளை வெட்டுகின்றனர். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் அவர்களுக்கு ஓய்வாகக் கிடைக்கவில்லை. அடுத்த வாடிக்கையாளரின் நிலமாகவே கிடைத்தது.

இந்நோக்கிற் பார்த்தால் தெரிவின் அளவுகோல்களும் மாறுகின்றன. சரிவான நிலத்தில் இருந்து செலுத்தும் இயந்திரம் கவிழ்ந்து ஆளை நசுக்கும். சுழலும் வகையின் முன்சில்லுகள் வெறுமனே உருளுபவை. பின்சில்லுகள் பிடியிழந்தால் திசைதிருப்ப வழியில்லை. ஆதலால் குளக்கரையிலும் செங்குத்தான சரிவிலும் அது ஆபத்தானது. அமெரிக்காவில் நடந்து தள்ளும் சுழலலகுப் புல்வெட்டியின் அலகு, பிடியை விட்ட மூன்று விநாடிகளுக்குள் நிற்க வேண்டும் என 1982இல் நடைமுறைக்கு வந்த விதி கட்டாயமாக்கியது. இருந்து செலுத்துவதோ நீண்டகாலம் உற்பத்தியாளரின் தன்னிச்சையான தரங்களுக்கே விடப்பட்டது. கவிழ்ந்தால் காக்கும் சட்டம் உண்டா, எழுந்தவுடன் அலகை நிறுத்தும் இருக்கை ஆளி உண்டா, நடுக்கம் தாங்கும் இருக்கை உண்டா, செவிக்குக் காப்பு வழங்கப்படுகிறதா என்பனவே முதற் கேள்விகளாதல் வேண்டும். விலைப்பட்டியலில் அவை கடைசியிலேயே காணப்படுகின்றன.

இவ்விடத்தில் எமது நாட்டையும் நோக்குதல் பொருந்தும். ஏனெனில் ஆங்கிலப் புற்றரை கப்பலேறி இங்கும் வந்தது. இங்கிலாந்தில் வேலியடைப்புச் சட்டங்கள் செய்ததை ஒத்த வேலையை, இலங்கையில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் செய்தது. உறுதி காட்ட இயலாத காணி முடிக்குரியதாகக் கொள்ளப்பட்டு, தோட்ட முதலாளிகளுக்கு வழி திறந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் படர்ந்த மலைகளில், துரையின் பங்களாவைச் சுற்றிப் புற்றரை விரிந்தது. அதனைப் பேணிய கைகள் லயன் அறைகளில் உறங்கின. புல்லுக்கு ஒதுக்கிய நிலத்தில் ஒரு பங்கேனும் அக்கைகளுக்கு வீட்டுத் தோட்டமாக உரித்தாகவில்லை. மலையக மக்களின் காணியுரிமைக் கோரிக்கை இன்றும் ஓயாதிருப்பதற்கு வேர் அங்கேயே உள்ளது.

இன்று எமது பாடசாலைத் திடல்களிலும் வைத்தியசாலை வளவுகளிலும் தோளில் தொங்கும் பெற்றோல் புல்வெட்டியுடன் வெயிலில் நிற்கும் தொழிலாளியைக் காண்கிறோம். அதன் அதிர்வு கையையும், இரைச்சல் செவியையும் தாக்குகிறது. அலகில் பட்ட கல் கண்ணை நோக்கிப் பாய்கிறது. அத்தகைய பெருந்திடலுக்கு இருந்து செலுத்தும் இயந்திரம் ஒன்று வாங்கப்படுமாயின் அதனை ஆடம்பரம் என எவரும் இகழலாகாது. நூறு பிள்ளைகள் விளையாடும் நிலம் அது. அந்தத் தொழிலாளியின் முதுகும் பொதுச்சொத்தே.

எனவே பெருநிலம் ஒன்றுக்குப் புல்வெட்டியைத் தெரிவுசெய்வோர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். எவரும் விளையாடாத, எவரும் நடக்காத பகுதி எவ்வளவு என அளக்க வேண்டும். அப்பகுதியை மரத்துக்கும் பயிருக்கும், நிலமற்றோரின் கைகளுக்கும் விட்டுவிட்டால், வாங்க வேண்டிய இயந்திரமும் சிறியதாகிவிடும். எஞ்சிய புல்லுக்கு, செலுத்துபவனின் உயிரையும் உடலையும் காக்கும் இயந்திரத்தைத் தேர வேண்டும். அவனையே அழைத்து இருக்கையில் அமர்த்தி, அவன் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இறுதியாக, இயந்திரம் மிச்சப்படுத்தும் மணித்தியாலங்களில் அவனுக்கு உரிய பங்கைக் கூலிக் குறைப்பின்றி ஓய்வாக வழங்க வேண்டும்.

1830ஆம் ஆண்டின் பண்ணைத் தொழிலாளர் இயந்திரத்தை உடைத்தனர். அது அவர்களுடைய பகைவன் அன்று. பகைவனின் கையிலிருந்த கருவி. அன்று உரிமப் பத்திரம் கனவான்களுக்கு உறுதியளித்த களிப்பும் உடல்நலமும், விடியற் பனியில் அரிவாளுடன் நின்றவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவை அவனைச் சேரும் நாளிலேயே புல்வெட்டும் இயந்திரம் தன் பணியை முழுமையாகச் செய்ததாகும்.